கசப்புக்கொடிப் பொடி

மே 6

எறும்புக்கு,

இந்தப் பெயரில் எழுதிவிட்டேன் என்பதற்காக நான் சமாதானத்துக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. சின்ன வயதிலிருந்து உன்னை வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம், கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்துத் திருத்தினால் தாள் வீணாகும் என்று விட்டுவிட்டேன்.

இத்துடன் ஒரு டப்பா வருகிறது. வெளியே பால்பவுடர் படம் இருக்கும். உள்ளே இருப்பது என் பொடி, கசப்புக்கொடியின் இலையும் வேரும். உன் வீட்டுக் கூடத்தில், உன் கல்லூரிக்காரர்கள் காபியும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது, "எங்க அண்ணன் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுவாரு, மனுஷனுக்கு ஆட்டுத்தழை கட்டுவாரு" என்று சொன்னாயே, இதுவும் அப்படி ஒரு தழைதான். கண்ணாடி போட்ட ஒரு அம்மாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நான் சாப்பிடாமல் கிளம்பி வந்தேன். இரண்டு வருஷம் ஆகிறது. உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருத்தம் வரவில்லை.

இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். போன மழைக்காலத்தில் கிளினிக்கில் ஒரு சின்ன டாக்டர் என் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. "பெரியவரே, சர்க்கரை மாத்திரையைக் கூட்டிடலாம்" என்றான். "எதுக்கு?" என்றேன். "சொன்னா உங்களுக்குப் புரியாது" என்றான். கருகிய மோட்டாரை முகர்ந்து பார்த்தே எங்கே சுட்டிருக்கிறது என்று சொல்கிறவன் நான். அதை எனக்கு யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. எனக்குப் புரியாதாம். வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணியிடம் சொல்லிவிட்டேன், இனி இந்த வாசலுக்குள் மாத்திரை அட்டை வரக்கூடாது என்று.

அதன்பிறகு என் பொடிதான், தினமும் காலையில் ஒரு கரண்டி. விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் முன்பு இருநூற்றைம்பதில் நிற்கும். இப்போது நூற்றிருபது. சந்தேகமிருந்தால் வந்து பார், உன் கையாலேயே குத்திப் பார்.

உன் கல்லூரி லேபில் எலிகள் இருக்கின்றன. கொடுத்துப் பார்த்துவிட்டு எழுது. போன் செய்யாதே. போனில் பேசினால் நாளைக்கே "நான் அப்படிச் சொல்லலையே" என்பாய். தாளில் எழுதியது ஓடிப்போகாது.

அண்ணன்

மே 19

அண்ணாவுக்கு,

டப்பா வந்தது. மோட்டாருக்குச் சுற்றுகிற நாடாவை அதற்கும் சுற்றியிருக்கிறாய். பிரிப்பதற்குள் என் நகம் உடைந்தது.

ஆட்டுத்தழை என்று நான் சொன்னது நிஜம். நீ சாப்பிடாமல் போனதும் நிஜம். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டே அதே ஆட்கள் எதிரில், "எலி வாலைப் பிடிச்சுப் பொழைக்கிறவ எல்லாம் எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டா" என்றாயே, அது மட்டும் உனக்கு மறந்துவிடும். அடுத்த நாள் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது பின் பெஞ்சில் யாரோ எலி மாதிரிக் கத்தினார்கள்.

பரிசோதிக்கிறேன். நீ என் அண்ணன் என்பதற்காக இல்லை. மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று ஒருவன் மார்தட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது என்பதற்காக. அப்பாவின் கால் எப்படிப் போனது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. உனக்கு?

இரண்டு சோதனை செய்வோம். ஒன்றில் ஊதா நிறத்தில் ஒரு திரவம் இருக்கும். உடம்பில் துருப்பிடிக்கிற மாதிரி நடக்கும் கேட்டைத் தடுக்கிற சத்து செடியில் இருந்தால், சாற்றை விட்டதும் ஊதா வெளுத்து மஞ்சளாகும். பெரும்பாலான இலைகள் இதில் பாஸ். நீ குடிக்கிற தேநீரே பாஸ். ஆகவே நிறம் மாறியது என்று தெருவில் தம்பட்டம் அடிக்காதே. இன்னொன்று எலிகளுக்கு. சர்க்கரை நோய் உள்ள எலி, இல்லாத எலி, இரண்டுக்கும் கொடுத்து ரத்தத்தைப் பார்ப்போம்.

அதற்கு முன் சில கேள்வி. இலையை யார் பறிக்கிறார்கள், எங்கே காய்கிறது, யார் அரைக்கிறார்கள்? மாத்திரையை நிஜமாகவே நிறுத்திவிட்டாயா, இல்லை வீம்புக்கு எழுதினாயா? கோபப்படாமல் பதில் எழுது. முடியாது என்று தெரியும், கேட்டு வைக்கிறேன்.

தங்கை

மே 27

பேராசிரியருக்கு,

போலீஸ்காரன் கேட்கிற மாதிரிக் கேட்டிருக்கிறாய். பறிப்பது நான். காய வைப்பது நான், பட்டறைத் தகரத்துக்குக் கீழே வார்னிஷ் வாசம் படாத மூலையில், நிழலில். அரைப்பதும் சலிப்பதும் உன் அண்ணி. மிக்சியை என்னைத் தொட விடமாட்டாள், பிரித்துப் போட்டுவிடுவேன் என்று பயம். நாங்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் மூன்றாவது கைக்கு எங்கே போவது?

மாத்திரையை நிறுத்தியது நிறுத்தியதுதான். வீம்புக்குப் பொய் சொல்ல எனக்கு உன் படிப்பு இல்லை.

இந்தக் கொடியும் கனவில் வந்து சொன்னதல்ல. மாத்திரையை விட்டபிறகு வேலி வேலியாக நின்று ஒவ்வொரு இலையாக மென்று பார்த்தேன். ஒன்று நாக்கைத் தடிக்க வைத்தது. இன்னொன்று என்னைக் கக்கூஸிலேயே குடிவைத்தது. உன் அண்ணி வெளியே நின்றுகொண்டு, "மாடு கூட மோந்து பாத்துட்டுத்தாங்க திங்கும்" என்றாள். கடைசியில்தான் பட்டறைக்குப் பின்னால் கிடந்த இந்தக் கொடி. முதலில் இதுவும் ஒன்றும் செய்யவில்லை. பச்சையாகத் தின்பதை விட்டுக் காய வைத்து, வேரையும் சேர்த்து அவளிடம் அரைக்கக் கொடுத்த பிறகுதான் மெஷினில் எண் இறங்கியது. அதை நான் கண்டுபிடித்தேன். நான் ஒருத்தன்.

அப்பாவின் காலைப் பற்றி எழுதியிருக்கிறாய். அப்பா மாத்திரை சாப்பிட்டும்தான் அந்தக் கால் போனது. அதை ஏன் எழுதவில்லை?

அண்ணன்

ஜூன் 30

அண்ணா,

துள்ளாமல் படி.

ஊதாச் சோதனையில் உன் பொடி பாஸ். சுமாரான பாஸ். தேயிலைக்குக் கீழே, வெந்நீருக்கு மேலே.

எலிகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நோயுள்ள எலிகளுக்குச் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிட்டது. இலைச்சாற்றில் இப்படி ஒரு இறக்கத்தை நான் பார்த்ததே இல்லை. எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவர் காலையில் ஓடிவந்து, "மேடம், ரெண்டு சுருண்டு கிடக்குது. உங்க அண்ணன் என்னத்தை அனுப்பினாரு, எலிப் பாஷாணமா?" என்றார். செத்த இரண்டும் நோயில்லாத எலிகள். சர்க்கரை அளவுக்கு மீறி விழுந்து செத்திருக்கின்றன.

அதுதான் உறுத்துகிறது. இலைகள் நல்ல எலியை இப்படிச் சாய்ப்பதில்லை. உள்ளே எந்தப் பொருள் இந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துப் பார்க்கக் கொடுத்திருக்கிறேன். அதுவரை வாயைத் திறக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்றுத் துறைக் கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டேன். "எங்க அண்ணன் கண்டுபிடிச்சது. பட்டறை வெச்சிருக்கார்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. கண்ணாடி போட்ட அம்மாளும் அங்கே இருந்தார். சிரிக்கவில்லை, குறிப்பெடுத்துக்கொண்டார்.

ஆட்டுத்தழை என்று சொன்னதற்கு வருத்தப்படுகிறேன். உனக்கு வேண்டியபடி தாளில் எழுதிவிட்டேன்.

முடிவு தெரியும்வரை பொடியை யாருக்கும் கொடுக்காதே. நீயும் ஒரு கரண்டிக்கு மேல் போடாதே.

எறும்பு

ஜூலை 6

எறும்புக்கு,

ஊர் கூட்டி அடித்துவிட்டு, தனியே கூப்பிட்டுத் தடவிக் கொடுக்கிறாய். அதே கூடம், அதே ஆட்கள், அதே நாற்காலி. அங்கே நின்று நீ சொல்ல வேண்டும். நான் வந்து உட்கார்ந்து கேட்க வேண்டும். தேதியைக் குறித்து எழுது.

உன் கடிதத்தைத் தெருவில் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. பக்கத்துக் கடைத் தையல்காரர் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் படித்தார். "அண்ணே, எனக்கும் இருநூறுக்கு மேலதாண்ணே நிக்குது. உங்க வீட்டுக்குள்ளயே வைத்தியத்தை வெச்சுக்கிட்டு என்னைக் கிளினிக்குக்கு நடக்க விடுறீங்களே" என்றார். கேட்கிறவனுக்கு இல்லை என்று சொல்ல நான் என்ன பேராசிரியரா? டப்பாவில் அடியில் இருந்ததை எல்லாம் வழித்து ஒரு பாட்டில் நிறையக் கொடுத்தேன். யாருக்கும் கொடுக்காதே என்று நீ எழுதியது எனக்குத் தெரிகிறது. அது உன் பெயரில் வரட்டும் என்ற அவசரம் என்பதும் தெரிகிறது.

உன் அண்ணிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். நீ கூட்டத்தில் எழுந்து நின்ற இடத்தை மட்டும் திரும்ப ஒரு தரம் படித்தேன். அவள் எலி செத்த இடம் வரை கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். சந்தோஷத்தில் அவளுக்குப் பேச்சு வராது.

அண்ணன்

ஜூலை 21

ஐயா,

இந்தக் கடிதம் முழுக்க "நீங்கள்" என்றே எழுதப்போகிறேன். "நீ" என்று நான் எழுதிவந்த ஆள் யாரென்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

பிரித்துப் பார்த்த முடிவு வந்துவிட்டது. உங்கள் பொடியில் இருப்பது சர்க்கரை மாத்திரை. அதேமாதிரி ஏதோ ஒன்று இல்லை, அதேதான். கிளினிக்கில் உங்களுக்கு எழுதிக்கொடுத்த அதே மருந்து. அது எந்தக் கொடியிலும் காய்க்காது. தொழிற்சாலையில் செய்து அட்டையில் அடைத்து வருவது. நம்ப முடியாமல் திரும்ப ஒரு தரம் பார்க்கச் சொன்னேன். அதே முடிவு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்கள் மாத்திரையைத் தழையில் மறைத்திருக்கிறீர்கள். எதற்கு? என்னை ஜெயிக்கவா? ஒரு கேலிக்குப் பழிவாங்க, இரண்டு வருஷம் காத்திருந்து, மாத்திரையை இடித்துக் கலந்து எனக்குப் பார்சல் அனுப்பினீர்களா?

துறைத்தலைவர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணன் பாசத்துல சாம்பிளைச் சரிபார்க்காம விட்டுட்டீங்களா மேடம்?" என்றார். எத்தனையோ மாணவர்களுக்கு நான் சொன்ன வார்த்தை அது. என் முகத்துக்கே திரும்பி வந்தது.

பொடியைக் கொட்டிவிடுங்கள். தையல்காரரிடமிருந்து இன்றே பாட்டிலைத் திரும்ப வாங்குங்கள். எந்தக் கரண்டியில் எத்தனை மாத்திரை வரும் என்று யாருக்கும் தெரியாது. அவர் நேரத்துக்குச் சாப்பிடாமல் மெஷினில் உட்கார்ந்திருக்கிற ஆள் என்று நீங்களே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறீர்கள். அந்த எலிகளுக்கு நடந்தது அவருக்கு நடக்கும்.

தங்கள் தங்கை

ஜூலை 26

கற்றறிந்த அம்மையாருக்கு,

நானும் மரியாதையாகவே எழுதலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

என் வீட்டில் மாத்திரையே கிடையாது. இல்லாத மாத்திரை டப்பாவுக்குள் எப்படி நடந்து போகும்? காலும் கையும் முளைத்துப் போனதா? உன் லேபில் அலமாரி அலமாரியாக மருந்து இருக்கிறது. என் டப்பாவில் உன் ஆட்கள்தான் கொட்டியிருப்பார்கள். பட்டறைக்காரன் கண்டுபிடித்ததை ஒத்துக்கொண்டால் உங்கள் நாற்காலி எல்லாம் ஆடிப்போகுமே. அந்தக் கண்ணாடி அம்மாள் குறிப்பெடுத்தாள் என்றாயே, அவளைப் போய்க் கேள். இல்லை, நீயே செய்தாயோ, எனக்குத் தெரியாது. கலப்படக்காரி என்று உன்னைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் வேறு பெயரும் கிடைக்கவில்லை.

உன்னைப் போல் நான் வாயால் மட்டும் பேசுகிறவன் இல்லை. இன்று காலை ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாகக் கரைத்துக் குடித்தேன். உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், சாகவில்லை. தையல்காரரையும் இரண்டு கரண்டி போடச் சொல்லிவிட்டேன். அவர் உன்னை நம்பவில்லை, என்னை நம்புகிறார்.

இனி எழுதாதே.

ஜூலை 28

அண்ணா,

நீயும் நீங்களும் அப்புறம். தையல்காரரிடமிருந்து பாட்டிலைப் பிடுங்கு. தலை சுற்றுகிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது என்றால் உடனே வாயில் சர்க்கரையைப் போட்டுக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. உனக்கும் அதேதான். இரண்டு கரண்டியில் நீ பிழைத்தது உன் கொடியின் மகிமை இல்லை, அண்ணி காலையிலேயே உனக்கு வயிறு நிறையப் போடுவதால்.

இன்று உன் கடிதத்தைப் பார்த்ததும் போன் செய்தேன். "எழுது" என்று வைத்துவிட்டாய். மறுபடி செய்தேன், மறுபடி "எழுது". தபால் வரும்வரை அவர் ரத்தம் காத்திருக்குமா? கடைசியில் அண்ணியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "நான் பாத்துக்கறேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

நீ என்னைத் திட்டு. கலப்படக்காரி என்றே கூப்பிடு. பாட்டிலைப் பிடுங்கிவிட்டுத் திட்டு.

எறும்பு

ஆகஸ்ட் 8

தங்கைக்கு,

தையல்காரர் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதியை நீ நிதானமாகப் படிப்பதற்காக.

உன் கடிதம் என் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முந்தின நாள் மதியம் பட்டறையில் ஒரு பம்ப் மோட்டாருக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடையில் கரண்ட் தையல் மெஷின் சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே சீராக, வளைவு திருப்பம் இல்லாமல். இது என்ன தையல் என்று எட்டிப் பார்த்தேன். மனிதர் மெஷின் மேல் கவிழ்ந்து கிடக்கிறார், கால் பெடலின் மேல் அழுந்திக் கிடக்கிறது, ஊசி விரலோடு துணியைத் தைத்துக்கொண்டிருக்கிறது. நான் மெயினை அணைத்தேன்.

கிளினிக் நடையில் பச்சைப் பெயின்ட் அடித்த பெஞ்சு. உன் அண்ணி எனக்கு முன்னாலேயே வந்து நின்றாள். யார் சொன்னார்களோ தெரியாது. அந்தச் சின்ன டாக்டர் வெளியே வந்து, "நாப்பதுக்குக் கீழ போயிருக்கு. என்ன மாத்திரை போட்டாரு?" என்றான்.

"மாத்திரையே போடல. மூலிகை" என்றேன்.

"மூலிகை இப்படி அடிக்காது பெரியவரே."

"அடிக்கும். எங்க வீட்டு மூலிகை அடிக்கும்."

"அதுல நான் மாத்திரை இடிச்சுப் போட்டிருக்கேன், டாக்டர்" என்றாள் உன் அண்ணி.

நான் அவள் யாரிடமோ வேறு விஷயம் பேசுகிறாள் என்று நினைத்தேன். அவன் அவளைப் பார்த்து, "நீங்கதானே மாசாமாசம் ஐயா சீட்டைக் கொண்டுவந்து வாங்கிட்டுப் போறீங்க?" என்றான். அவள் தலையை ஆட்டினாள். கிளினிக் முழுக்கத் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்தன்தான் அடிமுட்டாள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, நான் வெளியே தடியை வைத்துக்கொண்டு உன்னை விரட்டிக்கொண்டிருக்கிறேன்.

"ஏன்டி இப்படிச் செஞ்சே?"

"உங்க அப்பா மாதிரி உங்களை நாற்காலியில உக்கார வெச்சுத் தள்ள எனக்குத் தெம்பு இல்ல."

"சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா குடிச்சிருப்பீங்களா?"



நீ போன் செய்ததும் அவள் தையல்காரரிடம் போய்ப் பாட்டிலைத் திரும்பக் கேட்டிருக்கிறாள். "என்ன அண்ணி, அண்ணன் குடுத்ததை அண்ணி பிடுங்கறதா?" என்று அவர் சிரித்து, பாட்டிலைத் துணிக்கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டார். இவள் கருமித்தனம் பண்ணுகிறாள் என்று நினைத்தாராம். உண்மையைச் சொல்லிக் கேட்க இவளுக்கு வாய் வரவில்லை. என் மானம் போகுமாம். என் மானத்தைக் காப்பாற்ற ஒரு மனிதரைச் சாகவிடப் பார்த்தாள்.

எனக்கு எது ஆறவில்லை தெரியுமா? காலையில் மெஷினில் நூற்றிருபதைப் பார்த்துவிட்டு, "பாத்தியா, என் கொடி!" என்று கத்துவேன். அவள் எதிரில் நின்று "ஆமாங்க" என்பாள். ஒவ்வொரு நாளும். மாத்திரையை மன்னித்தாலும் மன்னிப்பேன். அந்த "ஆமாங்க"வை மன்னிக்க முடியாது. அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

உன்னைக் கலப்படக்காரி என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். வருத்தம் தெரிவிக்கவில்லை. வாபஸ் மட்டும்.

அண்ணன்

செப்டம்பர் 14

அண்ணாவுக்கு,

அண்ணி எங்கே என்று கேட்டு நீ எழுதுவாய் என்று ஒவ்வொரு நாளும் தபாலைப் பார்த்தேன். அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பாய், என்னிடம் கேட்கக் கௌரவம் இடம் கொடுத்திருக்காது. இங்கேதான் இருக்கிறார். நான் கூப்பிடவில்லை. ஒரு காலையில் வாசல் மணி அடித்தது. கையில் ஒரு துணிப்பையும் தோளில் ஒரு சாக்கும் வைத்துக்கொண்டு நின்றார்.

சாக்கில் என்ன தெரியுமா? உன் கொடி. வேரோடு, இலையோடு. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். "இதுல என் கை படல. மண்ணைக் கூடக் கழுவல. அவரு கொடியை நியாயமாப் பாத்துடும்மா. நான் அதைப் பாக்கவிடாமப் பண்ணிட்டேன்" என்றார். வீட்டை விட்டு வந்தவர் தனக்கென்று கொண்டுவந்தது இரண்டு புடவை.

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போது எழுதியே தீர வேண்டும். அந்த "ஆமாங்க"வை மன்னிக்க மாட்டாயா? அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? உன் வீட்டில் நீ சொன்னதற்கு "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு எவர் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்? ஒரு டாக்டர் புரியாது என்று சொன்னால் நீ மருந்தை விடுவாய், தங்கை சிரித்தால் உறவை விடுவாய். உன்னை உயிரோடு வைத்திருக்க உன் மனைவி உன் வீட்டிலேயே திருட வேண்டியிருந்தது. அவர் செய்தது தப்பு, பெரிய தப்பு, தையல்காரர் செத்திருப்பார். அதை அவரிடமே சொன்னேன், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். நீ உன் பங்கைக் கேட்டுக்கொள்வாயா?

கூட்டத்தில் சொன்னதை அதே கூட்டத்தில் திரும்ப வாங்கினேன். சரிபார்க்காமல் பேசியது என் அவசரம் என்றேன். பழியை உன் மேலோ அண்ணி மேலோ போடவில்லை.

கொடியின் முடிவு இது. ஊதா நிறம் வெளுத்தது, முன்பு போலவே சுமாராக. எலிகளுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியது. கொஞ்சம்தான். அது தற்செயலாகவும் இருக்கலாம். ஒரு எலியும் சாகவில்லை, ஒரு எலியும் குணமாகவில்லை. அண்ணியிடம் சொன்னபோது, "கொஞ்சம் இறங்கிச்சா? நெஜமாவா?" என்று கேட்டார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எனக்கு உன்மேல் வந்த கோபம் அடங்கவே இல்லை.

நீ உன் கையால் மாத்திரையை எடுத்து விழுங்குகிறவரை அவர் வரமாட்டார். இனி ஒளித்துக் கொடுக்கத் தன்னால் முடியாது என்கிறார்.

எறும்பு

செப்டம்பர் 22

எறும்புக்கு,

உன் எலிகளின் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. எலி வேலியில் இலை மென்று பார்த்ததில்லை, நான் பார்த்தவன்.

நானே பார்த்துவிட்டேன். அவள் போனபிறகு மிக்சியை எடுத்து நானே அரைத்தேன். அவள் பயந்தது போல் பிரித்துப் போடவில்லை. தகரத்துக்குக் கீழே முன்பே காய்ந்து கிடந்த சுத்தமான இலை, சுத்தமான வேர், வேறு கை எதுவும் படவில்லை. காலையில் ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி. மெஷினில் எண் ஏறிக்கொண்டே போனது. பேட்டரி போய்விட்டதோ என்று மாற்றினேன். தையல்காரர் மெஷினைக் கடன் வாங்கிப் பார்த்தேன், அதுவும் அதையே சொன்னது. முந்நூறு தாண்டியதும் தாகம் தாளவில்லை, எழுத்து இரண்டாகத் தெரிந்தது. என் தொழிலில் மீட்டர் சொல்வதை ஒத்துக்கொள்ளாதவன் கையைச் சுட்டுக்கொள்வான். நான் மீட்டருக்குத்தான் தலை குனிந்தேன், உனக்கு இல்லை, அவளுக்கும் இல்லை. இதைத் தெளிவாகப் படித்துக்கொள்.

தையல்காரர் இடதுகையால் தைக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். தினமும் போய் நூல் கோத்துக் கொடுக்கிறேன். "விடுங்கண்ணே, நான்தானே ஆசைப்பட்டுக் கேட்டேன்" என்கிறார். அவர் திட்டித் தொலைத்தால் எனக்குச் சுகமாக இருக்கும். திட்டமாட்டேன் என்கிறார், பாவி.

கிளினிக்கில் வரிசையில் நின்றேன். மாத்திரை கொடுக்கிற பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "அம்மா வரலீங்களா?" என்றாள்.

"நோய் எனக்கா, அம்மாவுக்கா?"

"இல்ல, எப்பவும் அம்மாதானே வருவாங்க. வந்தா ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவாங்க."

"என்ன பேசுவா?"

"நீங்க நல்லா இருக்கீங்கன்னு சொல்லுவாங்க. சர்க்கரை எறங்கிடுச்சுன்னு சிரிப்பாங்க."

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவன் "நகருங்க பெரியவரே" என்றான். அவனோடு ஒரு சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

மாத்திரையை என் கையால் எடுத்து, தண்ணீர் ஊற்றி, விழுங்கிவிட்டேன். முதல் தடவை தொண்டையில் நின்றது. இது அவள் செய்தது சரி என்று சொன்னதாகாது. எனக்குள்ளே போவது எனக்குத் தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான். அவள் வந்தாலும் வராவிட்டாலும் விழுங்குவேன். கொடியை அவள் வேரோடு பிடுங்கினாள் என்று எழுதியிருக்கிறாய். பாதி வேர் மண்ணிலேயே கிடக்கிறது, போய்ப் பார்த்தேன். கேட்காமல் பிடுங்கியதற்கு அவள் பதில் சொல்ல வேண்டும்.

பதில் சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் தாளில் எழுத முடியாது. எழுதினால் அவள் பதில் எழுதமாட்டாள், "ஆமாங்க" என்று எழுதி அனுப்பிவிடுவாள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். உன்னோடு பேச வரவில்லை. அவளோடு சண்டை போட வருகிறேன். இங்கே வீட்டில் சண்டை போட ஆள் இல்லை. சுவரோடு எத்தனை நாள் கத்துவது? அவள் ஒரு தரமாவது "இல்லீங்க" என்று சொல்லட்டும், அதைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வருகிறேன் என்று அவளிடம் சொல்.

மதிய மாத்திரை சட்டைப்பையில் இருக்கும். உன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போட்டுவிடுவேன், அவள் பார்க்கட்டும். போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டுமாம். இந்தத் தடவை சாப்பிடாமல் கிளம்ப முடியாது. சோறு தயாராக இருக்கட்டும்.

அண்ணன்